உதை குறைந்த தோட்டாக்கள்

வெள்ளவத்தையில் கரண்ட் போனால் எங்கள் மாடிக்கு முதலில் வருவது கடல் சத்தம். விசிறி நின்ற பிறகுதான், ரயில் பாதைக்கு அப்பால் அது அவ்வளவு நேரமும் இரைந்துகொண்டிருந்தது என்று தெரியும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் போனது. மத்தியானம் திரும்பியிருந்தது. மழைக்கு வானம் கறுத்துக் கிடந்தது. என் மனைவி றெஜினா குசினியில் இறால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்த டோர்ச்சை எடுத்து இதுக்குள்ள ஒருக்கா அடியுங்கோ. மண் போயிட்டுதோ எண்டு தெரியேல்ல.”

எடுத்து அடித்தேன். வெளிச்சம் சட்டியின் அடிவரை போனது. தண்ணீர் தெளிவாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. வியாழக்கிழமை நான் வெளிச்சம் அடித்துப் பார்த்தேனா?

“பாத்தனானா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“எதை?”

“றோகிணி மிஸ்ஸின்ர தோட்டாவை.”

றெஜினா இறாலை விட்டுக் கையை உதறினாள். “மாதாவே, துடங்கீட்டுது,” என்றாள்.

என் தொழில்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். நடுவில் ஏறியவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் லைசன்ஸ் உள்ள ஒரு துவக்குக் கடையின், அதாவது துப்பாக்கிக் கடையின், பின்னறையில் என் காலம் போனது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். துவக்கு துடைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். பிறகு தோட்டா நிரப்புகிற வேலை கைக்கு வந்தது. கடைக்கு அதற்கும் அனுமதி இருந்தது.

தோட்டா நிரப்புவது என்றால் பெரிய மாயம் இல்லை. சுட்ட பிறகு பித்தளைக் கோது மிஞ்சும். பழைய துவக்குகளுக்குப் புதுத் தோட்டா இப்போது கப்பலில் வருவதில்லை. ஆகவே அந்தக் கோதையே கழுவி, அச்சில் அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் தீப்பொறி தருகிற புதுக் கேப்பு. உள்ளே வெடிமருந்து. வாயில், பாய்ந்து போகிற சன்னம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் ஒன்று பிழையாகப் போனாலும் சுடுகிறவரின் கன்னத்துக்குப் பக்கத்தில்தான் அது வெடிக்கும்.

கடை முதலாளி சலீம் ஹாஜியாரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு இந்த வேலையைத் தந்ததற்கு அவர் சொன்ன காரணம் இது: “பீற்றர், ஒன்ட பயம் மத்த எல்லாத்துக்கும் கரச்சல். இந்த வேலக்கி மட்டும் நல்லம்.”

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு படியிறங்கினால் திரும்பி ஏறி இழுத்துப் பார்ப்பேன். இறங்கினால் மறுபடி ஏறுவேன். இறங்கி ஏறும் என்னைப் பார்த்து கீழ்வீட்டுக்காரர், “என்ன பீற்றர், டொக்டர் எக்சசைஸ் செய்யச் சொன்னவரோ?” என்று கேட்பார்.

சண்டையும் சோதனைச் சாவடியுமாக இருந்த காலத்தில் கடையை விட்டு வெளிக்கிடுமுன் நானாவுக்கு முன்னால் நின்று பொக்கற் எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டுவேன். ஒரு வெற்றுக் கோது என் பொக்கற்றில் இருந்தால், தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு நான் எந்தக் கதையைச் சொல்வது?

ஒருநாள் பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நிற்கும்போது சேர்ட் பொக்கற்றில் கட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. கடையில் காட்டிவிட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் அது கோதுதான் என்று எனக்கு நிச்சயம். என் முறை வந்ததும் ஆமிக்காரப் பெடியன் விரலை விட்டு அதை வெளியே எடுத்தான்.

“மொகக்த மே?” என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

இருமல் டொபி. பஸ் ஏறுமுன் நானே வாங்கிப் போட்டது. உருகிக் கடதாசியோடு ஒட்டிக் கிடந்தது.

“டொபி, சேர்,” என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். டொபியைப் பார்த்தான். சிரித்துவிட்டு அதைத் திருப்பிப் பொக்கற்றில் போட்டு, மேலே ஒரு தட்டும் தட்டி அனுப்பினான். அந்தத் தட்டுக்கு நான் இன்னும் நன்றியுள்ளவன். அன்றைக்கு அவன் வேறு மனநிலையில் இருந்திருக்கலாம்.

அடி பண்டிக்கா எனக்கா?

றோகிணி மிஸ் கடைக்கு வந்தது அதற்கெல்லாம் எவ்வளவோ காலம் கழித்து. சண்டை முடிந்து, சாவடிகள் போய், நானாவின் தாடியும் நரைத்த பிறகு.

ஒப்பரேஷன் தியேட்டரில் நேர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. சிலாபத்துக்கு உள்ளே தகப்பன் விட்டுப்போன காணி ஒன்று இருந்தது. தென்னை, அதற்கிடையில் சோளம், மரவள்ளி. காட்டுப்பன்றி இறங்கி உழுதுவிட்டுப் போகிறது. இரண்டு போகமாகக் கையில் எதுவும் வரவில்லை.

தகப்பனின் துவக்குகள் இரண்டு, லைசன்ஸ் பெயர்மாற்றத்தோடு அவரிடம் வந்திருந்தன. ஒன்று திரீ நொட் திரீ, பலமாக உதைக்கிற ரகம். மற்றது மெல்லிய பழைய ஜெர்மன் துவக்கு, ஏழு மில்லிமீட்டர். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, இடது கையால் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

“ஓட்டோ பிரண்டு காறை எலும்பு முறிஞ்சு போனது. உள்ளுக்குப் பிளேட் கிடக்கு. சுடவும் வேணும், தோளும் வேணும். என்ன செய்யலாம்?”

நானாவுக்கு எப்போதும் பெரியதில்தான் விருப்பம். “இந்த ரெண்டையும் வெச்சிட்டு ஒரு பெரிய பன்னண்டு போர் துவக்கு எடுங்க மிஸ். ஒரே அடி. மத்தப்பக்கம் திரும்பிப் பாக்கத் தேவல்ல.”

“நானா, அடி பண்டிக்கா எனக்கா?”

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுட்டதும் துவக்கு பின்னால் வந்து தோளில் அடிக்கிற உதை சும்மா வலி மட்டும் இல்லை. உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடுவார். தோள் தானாகப் பின்வாங்கும். சன்னம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பன்றி செத்தும் சாகாமல் காயத்தோடு பற்றைக்குள் போய் விழும். பெரிய துவக்கு வாங்கினால் பெரிய வேட்டை என்று நினைக்கிறவர்களைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கோதுகள் அதிகம் திரும்பி வருவதில்லை. ஒரு பெட்டியைச் சுட்டதும் துவக்கு அலுமாரிக்குள் போய்விடும்.

“மிஸ், இதை எடுங்கோ,” என்று மெல்லிய துவக்கைத் தள்ளினேன். “ஏழு மில்லிமீட்டர் பழைய தோட்டாதான். ஆனா குணசாலி. நீட்டுச் சன்னம், ஆழமாப் போகும். இதுக்கு அவ்வளவு மருந்து வேண்டியதில்லை. உங்கட காவல் குடிலுக்கும் பண்டி வாற இடத்துக்கும் எவ்வளவு தூரம்?”

“இந்தக் கடையில இருந்து அந்த பேக்கரி வரை இருக்கும்.”

“அப்ப இன்னும் குறைக்கலாம். தோள் தாங்கிற அளவுக்கு நான் நிரப்பித் தாறன்.”

“பண்டி விழுமா?”

“கண்ணை மூடாமல் சுட்டா விழும்.”

அவர் துவக்கை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். கன்னம் கட்டையில் வந்து சரியாக அமர்ந்தது. “அப்பாவுக்கும் இதில்தான் விருப்பம்,” என்றார். மற்றதை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

பாதிக்கும் கீழே

இங்கேதான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எல்லா மருந்தையும் நினைத்தபடி குறைக்க முடியாது. சில மருந்தைக் குறைத்தால் அதுவே ஆபத்து. மெதுவான தோட்டாவுக்கென்று வேறு மருந்து இருக்கிறது. அது கொஞ்சம் போட்டாலே போதும். கோதுக்குள் பாதிகூட வராது.

சாதாரணத் தோட்டாவில் கோது கழுத்துவரை நிரம்பியிருக்கும். மறந்துபோய் இரண்டாம் தரம் ஊற்றினால் மேசையெல்லாம் கொட்டும். பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பாதிக்கும் கீழே நிற்கிற கோதில் அப்படி இல்லை. இரண்டு தரம் ஊற்றினாலும் அமைதியாக வாங்கிக்கொள்ளும். வழியாது. சன்னத்தை மேலே அழுத்திவிட்டால் வெளியே எல்லாத் தோட்டாவும் ஒரே தோட்டாதான்.

அதாவது, உதை குறைந்த தோட்டா செய்கிறவனுக்குத்தான் துவக்கை வெடிக்க வைக்கிற பிழைக்கு இடம் இருக்கிறது.

அதனால் எனக்கு ஒரு வழக்கம். மருந்து போட்ட கோதுகளை, துளை போட்ட மரக்கட்டையில் வரிசையாக நிறுத்துவேன். சன்னம் வைக்குமுன் டோர்ச்சை மேலே பிடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று உயர்ந்து நின்றால் உடனே கண்ணில் குத்தும்.

அந்த வியாழக்கிழமை றோகிணி மிஸ்ஸின் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். நானா மத்தியான லுஹர் தொழப் போயிருந்தார். பாதியில் கரண்ட் போனது. அதே நேரம் முன்பக்கம் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். டோர்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். பக்கத்துப் பாமசிக்கு வழி கேட்டு வந்த ஒரு மனிசி. அவவுக்கு வழி சொன்னேன். திரும்பி வந்தேன். கரண்ட் வந்தது. விசிறி சுற்றத் தொடங்கியது.

அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, சன்னம் அழுத்துகிற கைப்பிடியை நான் இழுத்துக்கொண்டிருப்பதுதான். நடுவில் இருந்ததைக் காணவில்லை. எந்தக் கோதில் விட்டுவிட்டுப் போனேன்? வந்து அதற்கே மறுபடி ஊற்றினேனா? டோர்ச்சை முன்மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேனா? எவ்வளவு நினைத்தும் ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மிஸ் வந்து பெட்டியை எடுத்துப் போனார். சனிக்கிழமை விடியக் காணிக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். பின்னேரம் குடிலில் ஏறுவார். பன்றி வரும். சுடுவார்.

அந்தச் சனிக்கிழமைதான் நான் இறால் சட்டிக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரி

முதலில் நானாவுக்கு போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“பீற்றர், போன மாசம் என்ன நடந்திச்சி? கேஸ் அடுப்ப நிப்பாட்டினேனா எண்டு ஹட்டன் போற வழியில ரயிலால எறங்கி வந்தாய். அடுப்பு எரிஞ்சதா?”

“இல்லை நானா.”

“ஒன்ட மகள்ட கலியாணத்தன்டைக்கி மோதிரத்தக் காணல்லேண்டு கோயில்ல குனிஞ்சி தேடினாய். எங்க இருந்திச்சி?”

“என்ர விரலில.”

“அப்ப? அந்த மிஸ்ஸுக்குக் கோல் எடுத்துப் பயம் காட்டாத. கடப் பேர் கெட்டுப் போகும். ஒரு ப்ளேன்டீ குடிச்சிட்டுப் படு.”

அவர் சொன்னதில் ஒன்றும் பிழை இல்லை. என் பயம் இதுவரை ஒருதரமும் பலித்ததில்லை. போனைக் கீழே வைத்தேன்.

றெஜினா வாசலில் நின்றாள். கையில் இறால் மணம். என்னோடு வாழ்ந்து அவள் படாத பாடில்லை. ஹட்டன் போகிற வழியில் என்னோடு அவளும்தான் இறங்கினாள், இரண்டு பெரிய பைகளோடு. அவள் சொன்னாள்:

“எடுங்கோ.”

“நானா சொல்றார்...”

“நானாவா சுடப்போறார்? எடுங்கோ. அடுப்பைப் பற்றி நீங்கள் சொல்லேக்க எனக்கே தெரியும், அது எரியேல்ல எண்டு. இது எனக்குத் தெரியாது.”

எடுத்தேன். தொடர்பு இல்லை. மறுபடி எடுத்தேன். இல்லை. காணியில் சிக்னல் இல்லை, குளக்கட்டில் ஏறினால்தான் வரும் என்று அவர் ஒருமுறை சொன்ன ஞாபகம். பஸ் பிடித்தால் நான் போய்ச் சேருமுன் இருட்டிவிடும். நடந்தேன். விறாந்தையிலிருந்து குசினி, குசினியிலிருந்து விறாந்தை. மழை பிடித்தது. ஒரு ரயில் மொறட்டுவைப் பக்கம் போனது. கரண்ட் வந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை, றெஜினாதான் சொன்னாள்.

மழை விட்டு வெயில் சரிந்த நேரத்தில் போன் அடித்தது.

“என்ன பீற்றர், இத்தனை மிஸ்ட் கோல்? கட்டுக்கு வந்தவுடன டிங் டிங் எண்டு அடிக்குது.”

“மிஸ், சுட்டிட்டீங்களா?”

“இல்லை. இனித்தான் குடிலுக்குப் போகவேணும்.”

“சுடாதேங்கோ. ஒண்டும் சுடாதேங்கோ.”

“ஏன்?”

இதற்குத்தான் நான் பயந்தேன்.

“ஒரு கோதில ரெண்டு தரம் மருந்து போட்டனானோ எண்டு எனக்குத் தெரியாது. போட்டதெண்டு சொல்லேல்ல. பாத்ததா ஞாபகம் இல்லை. அவ்வளவுதான் மிஸ். ஒண்டும் இல்லாமலும் இருக்கும்.”

குளக்கட்டில் காற்று அடிப்பது கேட்டது. யாரோ தூரத்தில் மாட்டைக் கூப்பிட்டார்கள்.

“சரி,” என்றார்.

“மிஸ்?”

“சரி பீற்றர். சுடமாட்டன். பெட்டியைக் காருக்குள்ள வைச்சுப் பூட்டிறன். திங்கட்கிழமை கொண்டுவாறன்.”

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. நிச்சயமா என்றும் கேட்கவில்லை. நானாவோடு கதைத்தீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. நான் போனைப் பிடித்தபடி கதிரையில் இருந்துவிட்டேன். என் பயத்துக்கு ஒருவர் “சரி” என்று சொல்லி அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் விட்டது அதுதான் முதல்தரம்.

சுத்தியல்

திங்கட்கிழமை காலையிலேயே பெட்டியோடு வந்துவிட்டார். நானா வாசலுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் கொஞ்சம் கூச்சம்.

“மிஸ், சனிக்கெழம பண்டி வந்திச்சா?”

“வந்தது. குடும்பமா வந்தது. காவல்காரன் தகரம் தட்டிப் பாத்தான். தின்னுற நேரத்தில அதுகள் ஏன் காது குடுக்குதுகள்? சோளத்தில பாதி இல்லை.”

அதை அவர் நானாவைப் பார்த்துத்தான் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

முழுத் தோட்டாவைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் தெரியாதா என்று நானா கேட்டார். தெரியாது. மிஸ்ஸின் தகப்பன் சேர்த்து வைத்த கோதுகள் அவை. வேறு வேறு நாட்டில் செய்தவை. வெறும் கோதுகளிலேயே ஒன்றுக்கொன்று பாரம் வித்தியாசம். அதற்குள் மருந்தின் வித்தியாசம் மறைந்துவிடும். எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும்.

அதற்கு ஒரு கருவி இருக்கிறது. பார்த்தால் பிளாஸ்டிக் சுத்தியல் போல. தலைக்குள் தோட்டாவைப் பூட்டி மரக்குற்றியில் ஓங்கித் தட்ட வேண்டும். அந்த அதிர்ச்சியில் சன்னம் கழன்று, மருந்தோடு சுத்தியல் தலைக்குள்ளேயே விழும். மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டி நிறுப்பேன். சரியென்றால் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்தது.

றோகிணி மிஸ் எனக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு இருந்துவிட்டார். நானா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

தட்டினேன். சரி. தட்டினேன். சரி. தட்டினேன்.

தொடக்கத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளுக்குள் மன்றாடினேன், இரட்டையாக இருக்கக்கூடாது என்று. பெட்டியில் பாதி தாண்டியபோது மனம் மாறியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒன்றாவது இரட்டையாக இருக்க வேண்டும் என்று விரும்பத் தொடங்கினேன். ஒன்றே ஒன்று. அந்தச் சோளத்துக்கு ஒரு காரணம் வேண்டும். என் வாழ்நாள் பயம் எல்லாவற்றுக்கும் ஒரு தடவையாவது ஒரு காரணம் வேண்டும்.

கடைசித் தோட்டாவைத் தட்டினேன். மருந்தைத் தட்டில் கொட்டினேன். முள் வழமையான இடத்தில் வந்து நின்றது.

எல்லாம் சரி. ஒன்றிலும் பிழை இல்லை.

நானா மூக்கால் ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சில் அடுப்பும் மோதிரமும் எல்லாம் இருந்தன.

“மிஸ்,” என்றேன். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட சோளம்...”

“எதுக்கு மன்னிப்பு?” அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “பீற்றர், தியேட்டரில ஒப்பரேஷன் முடிஞ்சு வயித்தை மூடமுந்தி பஞ்செல்லாம் எண்ணுவம். தெரியுமா?”

“தெரியாது.”

“போனதும் வந்ததும் ஒத்து வரவேணும். ஒரு நேர்ஸ், சின்னப் பிள்ளை, நேற்று வந்தவள், எண்ணிக்கையில எனக்குச் சந்தேகம் எண்டு வாய் திறந்தா சேர்ஜன் கையை எடுப்பார். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். தையல் போடேலாது. எல்லாரும் நிண்டு தேடுவம். வாளிக்குள்ள, மேசைக்குக் கீழ, சப்பாத்துக்கு அடியில. முக்காவாசி நேரம் அது நிலத்திலதான் கிடக்கும்.”

“கிடந்தா?”

“கிடந்தா எடுத்துப் போட்டிட்டுத் தைப்பம். அவளை ஒருத்தரும் பேசமாட்டினம். பேசினா அடுத்தமுறை அவள் வாய் திறக்கமாட்டாளே.”

நானா நிலையிலிருந்து முதுகை எடுத்தார். பிறகு உள்ளே போய் மூன்று ப்ளேன்டீயோடு வந்தார். நான் கடையில் இருந்த காலமெல்லாம் அவர் தன் கையால் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்ததை நான் கண்டதில்லை. சீனி கூடிப் போயிருந்தது. மூவரும் குடித்தோம்.

“இப்ப நெரப்பு,” என்றார் என்னைப் பார்த்து. “டோர்ச்ச இந்தப் பக்கம் தா. நான் புடிக்கிறன்.”

“நானா, உங்களுக்குக் கண் வடிவாத் தெரியாது,” என்றார் மிஸ். “நான் பாக்கிறன். நீங்கள் வெளிச்சம் மட்டும் பிடியுங்கோ.”

அப்படித்தான் நிரப்பினோம். நான் ஊற்றினேன். நானா வெளிச்சம் பிடித்தார். மிஸ் ஒவ்வொரு கோதுக்குள்ளும் குனிந்து பார்த்து, “ஓம்,” என்றார். அந்த “ஓம்” வந்த பிறகே நான் அடுத்த கோதுக்குப் போனேன். முன்பக்கம் இரண்டு பேர் வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். யாரும் எழும்பிப் போகவில்லை.

குளக்கட்டிலிருந்து

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், முடியாது என்று.

பெட்டி போன அன்றே புதுப் பயம் வந்தது. எல்லாக் கோதையும் பார்த்தோம். ஆனால் கழற்றிய சன்னங்களைத்தானே திரும்ப வைத்தோம், அவை சுத்தியலில் அடிபட்டு எங்காவது நசுங்கியிருந்தால்? இல்லை, ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தேன். பார்த்தேனா? பார்த்தேன். மிஸ்ஸும் பார்த்தார். அது ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வெயில் நன்றாக இருக்கும்போதே போன் வந்தது.

“பீற்றர், நான் குளக்கட்டில நிக்கிறன். முன்னால மண் திட்டி. அதில ஒரு தேங்காய் மட்டை வைச்சிருக்கிறன். பண்டிக்கு முந்தி இதுக்கு ஒண்டு அடிச்சுப் பாக்கப்போறன். போனைக் கட்டில வைக்கிறன். லைனை வெட்டாதேங்கோ. கேளுங்கோ.”

“மிஸ், வேண்டாம். நான் கேக்க மாட்டன்.”

“கேக்காட்டி இண்டைக்கு முழுக்க நீங்கள் அங்க நடந்துகொண்டு திரிவீங்கள். எனக்குத் தெரியும். கேளுங்கோ.”

அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் வந்தது. நான் போனோடு குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். றெஜினாவும் பின்னால் நுழைந்துவிட்டாள். வாளிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பேரும் நின்றோம். போனை ஸ்பீக்கரில் போட்டேன். காற்று. ஒரு குருவி. அவர் துவக்கை எடுக்கிற சரசரப்பு.

றெஜினா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

டப்.

அவ்வளவுதான். போனில் அது ஒரு கதவு சாத்தின சத்தம் மாதிரித்தான் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. குருவியும் இல்லை. காற்றும் நின்றதுபோல் இருந்தது. ரயில் போய்விட்டது. குழாயில் தண்ணீர் சொட்டியது. றெஜினாவின் நகம் என் தோலில் இறங்கியது.

அப்போது கேட்டது. சளக். பிறகு சளக்.

பழைய ஜெர்மன் துவக்கில் சுட்ட கோதை வெளியே எடுக்க, கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். பிறகு முன்னால் தள்ள வேண்டும். அந்தச் சத்தம் எனக்கு என் பெயரைவிடப் பழக்கம். அதை இழுக்க ஒரு கை வேண்டும். துவக்கைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். ஏதாவது பிழை நடந்திருந்தால் அது அவ்வளவு இலகுவாகத் திறக்காது. திறந்தது. கோது கல்லில் விழுந்து உருளுவதுகூடக் கேட்டது.

அந்தக் குளியலறைக்குள் நின்று நான் அழுதேன். றெஜினா, “என்ன, என்ன?” என்றாள். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

போனில் மிஸ்ஸின் குரல் வந்தது, பக்கத்தில் நிற்கிறவர் மாதிரி.

“பீற்றர், கேட்டுதா? மட்டை பறந்திட்டுது.”

“தோள்?” என்றேன்.

“தோளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. இன்னொண்டு அடிக்கட்டே?”

யாராவது எதையாவது செய்யப்போகிறேன் என்றால், கொஞ்சம் பொறுங்கோ, ஒருக்கா பாருங்கோ, நாளைக்குச் செய்வம் என்றுதான் என் வாயில் வரும். மகளின் கலியாணத்துக்கே அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு மட்டும் வேறு ஒன்று வந்தது.

“அடியுங்கோ, மிஸ்,” என்றேன்.